மனம் நோகாத வீட்டுக் குறும்புகள்: மே விடுமுறைக்கு யோசனை தேவை

கரூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதத்தில் எங்கள் பாட்டி வீட்டில் பதினான்கு பேர் ஒரு வாரம் ஒன்றாகத் தங்கப் போகிறோம். பாட்டிக்கு வயது 81. அப்பாவுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உண்டு. தம்பிக்கு இந்தத் தை மாதத்தில்தான் திருமணம் நடந்தது என்பதால் அவன் மனைவிக்கு எங்கள் குடும்பத்தோடு இதுவே முதல் விடுமுறை. அக்காவின் பிள்ளைகள் இருவருக்கும் ஏழு வயது, பதினொரு வயது. இருவரும் யாரையாவது ஏமாற்றிச் சிரிப்பதற்காகவே ஊருக்கு வருகிறவர்கள்.

சென்ற ஆண்டு மூத்தவன், அப்பாவின் சர்க்கரை போடாத காப்பியில் உப்பைக் கலந்து கொடுத்துவிட்டு, அவர் முகம் சுளித்ததைக் கைப்பேசியில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அப்பா கடிந்துகொள்ளவில்லை, தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவர், அன்று இரவு வரை யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தாத்தா திட்டாமலே கோபித்துக்கொண்டது ஏன் என்று அந்தப் பிள்ளைக்கு இன்றுவரை புரியவில்லை.

அதற்காகக் குறும்பே கூடாது என்று அவர்களைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் தாத்தா, வேகவைத்த நிலக்கடலையை எடுத்துவிட்டு ஓட்டுக்குள் புளியங்கொட்டையை வைத்து மூடி, மற்றக் கடலைகளோடு கலந்து தட்டில் வைப்பார். நான் ஆசையாக உரித்து ஏமாந்ததும், தன் வேட்டி மடிப்பில் ஒளித்து வைத்திருந்த பருப்பு முழுவதையும் என் கையில் கொட்டுவார். ஏமாந்தவளுக்கே அதிகக் கடலை கிடைத்ததால், அடுத்த முறை எப்போது ஏமாறுவோம் என்று நான் காத்திருந்தேன். அத்தகைய குறும்புகள் உங்கள் வீடுகளில் இருந்தால் செய்முறையோடு சொல்லுங்கள். பாட்டியை அச்சுறுத்தாததாகவும், உணவை வீணாக்காததாகவும், புதிதாக வந்த பெண்ணைக் கூச வைக்காததாகவும் இருக்க வேண்டும்.

தாழ்வாரம் எழுதியது:

எங்கள் வீட்டில் தலைமுறையாக நடப்பது தேங்காய்க் குறும்பு. ஒரே தேங்காயின் இரண்டு மூடிகளையும், குடுமியைப் பிய்க்காமல், உள்ளிருக்கும் தேங்காயை மட்டும் துருவி எடுத்துக்கொள்ளுங்கள். சிரட்டைகளை வெயிலில் காயவைத்து, உள்ளே கடலை மிட்டாயை நிரப்பி, விளிம்பில் மைதாப் பசையைத் தடவி இரண்டையும் பொருத்திவிடுங்கள். பசை காய்ந்த பிறகு, உரித்த தேங்காயில் ஒட்டியிருந்த நாரில் கொஞ்சம் எடுத்துப் பொருத்திய கோட்டின் மேல் ஒட்டினால், பக்கத்தில் நின்று பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. சட்டினிக்குத் தேங்காய் உடைக்கப் போகும் சித்தியின் கையில் அதைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

ஒரு செய்தியை மறக்க வேண்டாம். பூசைக்கு வாங்கிய தேங்காய்களோடு இதைக் கலந்து வைக்காதீர்கள். சாமிக்கு உடைத்த தேங்காய் அழுகியிருந்தாலே மனம் கலங்குகிற பெரியவர்கள் உண்டு. அது வெறும் ஓடாக இருந்துவிட்டால், உள்ளே எத்தனை மிட்டாய் இருந்தாலும் உங்கள் பாட்டிக்குச் சிரிப்பு வராது.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் தாத்தாவின் கடலையே இந்தக் கேள்விக்குப் பாதி விடை. மீதிப் பாதியைச் சமையலறையிலிருந்து தருகிறேன்.

நான் பள்ளியில் படித்த 1970களில், ஏப்ரல் முதல் நாளன்று உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஆங்கில எழுத்துகள் இரண்டைத் தலைகீழாகச் செதுக்கி, மையில் தோய்த்து, முன்னால் போகிறவன் சட்டையில் முத்திரை குத்துவோம். ‘ஏப்ரல் ஃபூல், ஏமாந்த கூல்’ என்று ஒரு கூச்சல் வேறு. அந்த மை துவைத்தாலும் போகாது. இருக்கிற இரண்டு சட்டைகளில் ஒன்று பாழானவன் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று அப்போது நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆசிரியரான பிறகு, அப்படி ஒரு மாணவன் என் முன்னால் அழுதபோதுதான் எண்ணினேன். அடுத்த ஆண்டு மறையும் மையை வகுப்பில் செய்து காட்டினேன். நிறங்காட்டி ஒன்றை நீர்த்த காரக் கரைசலில் கலந்தால் அடர்ந்த நிறம் வரும். துணியில் பட்டதும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காரத்தன்மையைக் குறைப்பதால் சிறிது நேரத்தில் அந்த நிறம் மறைந்துபோகும். ஆனால் அதற்குப் பயன்படும் காரம் கண்ணுக்குக் கேடு செய்வது. ஆய்வகத்தோடு இருக்கட்டும், வீட்டில் வேண்டாம்.

வீட்டுக்கு மஞ்சள் போதும். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவையுங்கள். துணி சோப்பைக் கரைத்த நீரில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து அந்தத் தாளில் எழுதினால், எழுதிய இடம் மட்டும் செந்நிறமாகும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதும் இதே காரணத்தால்தான்: மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். பிள்ளைகள் தாத்தாவிடம் வெறும் மஞ்சள் தாளைக் கொடுத்து, ‘நீங்கள் சோப்பு நீரைத் தெளித்தால் இதில் மழை பெய்யும்’ என்று சொல்லட்டும். வெள்ளை மெழுகுவத்தியால் முன்கூட்டியே ‘மன்னித்துவிடுங்கள் தாத்தா’ என்று எழுதி, அதன் மேல் மஞ்சள் பூசியிருந்தால், மெழுகு பட்ட இடத்தில் மஞ்சள் ஒட்டாது. தாள் முழுவதும் சிவக்கும்போது எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். சென்ற ஆண்டின் உப்புக் காப்பிக்கு இப்படி ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் உங்கள் தந்தையார் மனம் இளகும் என்று நம்புகிறேன். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அது கண்ணில் பட்டால் பெருந்துன்பம்.

நீலச் சங்குப்பூ கிடைத்தால் ஏழெட்டுப் பூக்களைக் கொதிநீரில் ஊறவைத்து, வடிகட்டி, பனிக்கட்டித் தட்டில் உறையவையுங்கள். விருந்தினர் கையிலிருக்கும் எலுமிச்சைச் சாற்றில் இரண்டு நீலக் கட்டிகளைப் போட்டுவிட்டு வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருங்கள். கட்டி கரையக் கரையச் சாறு ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறுவதை அவர்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். சுவை மாறாது என்பதால் குடித்துத் தீர்ப்பார்கள், எதுவும் வீணாகாது.

பெரியவர்களில் துணிந்தவர் யாராவது இருந்தால் சிறுகுறிஞ்சான் இலை ஒன்றை மென்று துப்பச் சொல்லி, பிறகு சர்க்கரையை நாக்கில் வையுங்கள். மணலைத் தின்பதுபோல் இருக்கும். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்புணர்வைச் சற்று நேரம் தடுத்துவிடுகின்றன. இதற்குச் சர்க்கரைக்கொல்லி என்று நம் முன்னோர் பெயர் வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம்! இதை மட்டும் ஒளித்துச் செய்யாதீர்கள். இலையைக் காட்டி, பெயரைச் சொல்லாமல், ‘மென்று பார்க்கிறீர்களா?’ என்று கேட்டுச் செய்யுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மேலே இருப்பவை எல்லாம் அருமை. ஆனால் தீங்கே இல்லாதது என்று நாம் நினைக்கும் குறும்பு எப்படித் திரும்பக்கூடும் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும் என்பதால், நான் இதுவரை வெளியே சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

1994இல் எனக்குப் பத்து வயது. கூடத்துச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் காலையில் தாள் கிழிப்பது என் வேலை. ஒரு நாள் விளையாட்டாக இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டு, யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை, நானும் மறந்துவிட்டேன். என் அப்பத்தாவுக்குக் கைக்கடிகாரமோ செய்தித்தாளோ வழக்கம் இல்லை. அந்த நாட்காட்டிதான் அவருடைய உலகம். மறுநாள் வர வேண்டிய ஏகாதசி அன்றே தாளில் தெரிந்ததால், ஒரு சொல்லும் சொல்லாமல் தசமியன்றே விரதத்தைத் தொடங்கிவிட்டார். விளக்கு வைத்த பிறகு அடுத்த வீட்டு அம்மாள் ‘ஏகாதசி நாளைக்கு அல்லவா?’ என்று கேட்ட பிறகே விவரம் தெரிந்தது. பகல் முழுவதும் பட்டினி கிடந்தவர், இரவில் ஒரு வாய் பால் மட்டும் குடித்துவிட்டு, மறுநாளும் விரதம் இருந்தார். தாளைக் கிழித்தது நான்தான் என்று அவருக்குத் தெரியும். துவாதசிக் காலையில் அகத்திக்கீரையை எனக்கும் ஒரு பிடி ஊட்டிவிட்டாரே தவிர, ஏன் செய்தாய் என்று அவர் கேட்கவே இல்லை.

ஆகவே உங்கள் அக்கா பிள்ளைகளிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவையுங்கள். ஒருவர் நம்பி நடக்கிற பொருளில் கை வைக்கக் கூடாது. கடிகாரத்தைத் தள்ளி வைத்தால் அப்பாவின் மாத்திரை வேளை தவறும். மூக்குக் கண்ணாடியையோ கைத்தடியையோ ஒளித்தால் 81 வயதுப் பாட்டி தேடிப் போய் விழக்கூடும். ரப்பர்ப் பல்லியும் அப்படித்தான். அதைப் பார்த்த அச்சம் ஒரு நொடியில் போய்விடும், ஆனால் ஈரமான கொல்லைப்புறத் தரையில் பின்னால் நகரும் கால் வழுக்கிவிட்டால் இடுப்பெலும்பு முறிந்துவிடும்.

மூத்த மருமகள் எழுதியது:

தம்பி மனைவியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

யாரை யார் கேலி செய்யலாம் என்பதற்கு நம் வீடுகளில் முறை உண்டு. மாமன், மைத்துனன், கொழுந்தி, அத்தை மகள், மாமன் மகன் என்று கேலிக்குரியவர் யார் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஊர்த் திருவிழா முடிந்ததும் நடக்கும் மஞ்சள் நீராட்டில் முறைக்காரர் மேல்தான் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். வழியில் போகிற எல்லார் மேலும் ஊற்றமாட்டார்கள். நலங்கில் மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் நொறுக்குவதும், குடத்துத் தண்ணீரில் மோதிரத்தைத் தேடிக் கைகள் போட்டி போடுவதும், முன்பின் பழகாத இருவர் கூச்சத்தை விடுவதற்காகத்தான். அங்கே இருவருக்கும் சம வாய்ப்பு இருக்கிறது.

புகுந்த வீட்டில் புதிதாக நிற்கும் பெண்ணுக்கு அந்தச் சம வாய்ப்பு இல்லை. எனக்குத் திருமணமான முதல் மாதத்தில், நான் வைத்த இரசத்தைக் குடித்துவிட்டு எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் முகத்தைக் கோணிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. நான் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரசம் நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு மாமியார் வந்து சொன்னார், ஆனாலும் அதற்குப் பின் பல வாரங்கள் உப்புப் பார்க்கக் கை நடுங்கியது. எனவே அந்தப் பெண்ணை ஏமாற்ற வேண்டாம். ஏமாற்றுகிறவர்கள் கூட்டத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேங்காயை ஒட்டும் வேலையை அவளிடம் கொடுங்கள். சித்தியிடம் அதை நீட்டுவதும் அவளாகவே இருக்கட்டும். கைப்பேசியை அந்த நேரம் பரண்மேல் வைத்துவிடுங்கள்.

கரூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வைகைக்கரை அவர்களே, உங்கள் அப்பத்தாவைப் பற்றிப் படித்துவிட்டு அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். பிள்ளைகளுக்கு அவள் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள். கடிகாரமும் நாட்காட்டியும் தொடக்கூடாதவை என்று சின்னவனே சொன்னானாம். தம்பி மனைவியிடம் தேங்காய்த் திட்டத்தைத் தொலைபேசியில் சொன்னேன்; கடலை மிட்டாய்க்குப் பதில் எள்ளுருண்டை வைக்கலாமே என்று கேட்டாள், அதுவும் தானே பிடித்துக்கொண்டு வருகிறாளாம்.

ஆசிரியர் ஐயாவிடம் ஓர் ஐயம். சிறுகுறிஞ்சான் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாக விற்கிறார்களே, அப்பாவுக்கும் ஓர் இலை கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் எழுதியது:

வேண்டாம் அம்மா. அந்த இலைக்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இயல்பு உண்டு என்பதால், ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்கிறவர் மருத்துவரைக் கேட்காமல் அதைச் சாப்பிடக் கூடாது. அவருக்கு ஒரு பெருநெல்லியைக் கொடுத்து, மென்று விழுங்கியதும் பானைத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர் இனிக்கும். தண்ணீரில் சர்க்கரையைக் கலந்தது யார் என்று அவர் பேரப்பிள்ளைகளைக் கேட்கட்டும். மேயில் மரத்து நெல்லி கிடைப்பது அரிது என்பதால், இப்போதே சந்தையில் சொல்லிவையுங்கள்.