மின்சாரம் நின்றால் கதவு திறக்க வேண்டுமா, பூட்டியிருக்க வேண்டுமா?

அறங்காவலர்குழு: தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையை அடுத்த எங்கள் நான்கு மாடிக் குடியிருப்பில், தெருவாசலுக்கும் வாகன நிறுத்தத்திலிருந்து படிக்கட்டுக்கு வரும் பின்கதவுக்கும் மின்பூட்டு பொருத்த உரிமையாளர்கள் இசைந்துள்ளனர். கைக்கு வந்துள்ள விலைப்புள்ளியில் கதவுக்கு ஒரு மின்காந்தப் பூட்டு, வெளிப்புறம் ஒரு விரல்ரேகை ரீடர், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஆகியவை உள்ளன. இதை ஏற்கலாமா?

கடலோரம்: தாராளமாக ஏற்கலாம். வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்யும்போது சாவியையோ கார்டையோ ஒழுங்காகத் திருப்பித் தருவதில்லை. விரலை யாரும் இரவல் கொடுக்க முடியாது. மின்காந்தப் பூட்டில் அசையும் பாகம் கிடையாது என்பதால், உப்புக் காற்றில் துருவேறிச் சிக்கிக்கொள்ளும் தொல்லையும் இல்லை.

மின்வழி: ஐயா, ரீடரை விடப் பூட்டைப் பற்றித்தான் முதலில் முடிவெடுக்க வேண்டும். மின்காந்தப் பூட்டு மின்சாரம் ஓடும்வரைதான் பிடித்துக்கொண்டிருக்கும். நின்ற நொடியில் கதவு தெருவுக்குத் திறந்துவிடும். 280 கிலோ தாங்கும் பூட்டு ஒன்று 12 வோல்ட்டில் ஏறக்குறைய அரை ஆம்பியர் இழுக்கிறது. ரீடரையும் கட்டுப்பாட்டுப் பலகையையும் சேர்த்தால், 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி எட்டு ஒன்பது மணி நேரம் தாங்க வேண்டும். ஆனால் அது புதுப் பேட்டரியின் கணக்கு. 2023இல் லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டத்தில் நடந்தபோது, வடிந்த பேட்டரி முழுதும் ஏறுவதற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிட்டது. அப்படி நாள்தோறும் ஆழமாக வடிந்த ஈய-அமிலப் பேட்டரி சில மாதங்களிலேயே பாதிக் கொள்ளளவை இழக்கக்கூடும்.

கடலோரம்: லோட் ஷெடிங் 2024 மார்ச்சுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டதே. அதற்காக மின்சாரம் போனாலும் பூட்டியே இருக்கும் பூட்டைப் போட்டால், தீப்பிடிக்கும்போது குடியிருப்போர் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டார்களா? உயிரை விடவா திருட்டு பெரிது?

மின்வழி: உங்கள் அக்கறை மிகச் சரியானது. ஆனால் அத்தகைய பூட்டான மின் ஸ்ட்ரைக், கதவுச் சட்டத்தில் தாழ் விழும் குழியை மின்சாரத்தால் விடுவிப்பது; அது தடுப்பது வெளியிலிருந்து வருபவரை மட்டுமே. உள்ளே இருப்பவர் கைப்பிடியை அழுத்தினால், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாழ் விலகிவிடும். மின்காந்தப் பூட்டுக்குத்தான் வெளியேறும் பொத்தான், அவசரத்தில் அழுத்திக் கதவைத் திறக்கும் பச்சை நிறப் பெட்டி, தீ எச்சரிக்கை இணைப்பு எல்லாம் தேவைப்படுகின்றன. அவையும் கட்டுப்பாட்டுப் பலகையை நம்பியிராமல், பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே நேரடியாகத் துண்டிக்க வேண்டும். லோட் ஷெடிங் குறைந்தாலும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை மறந்துவிட முடியாது.

விலைப்புள்ளியில் இன்னொரு குறையும் உள்ளது. பூட்டைத் திறக்கும் ரிலே என்னும் மின்விசை ரீடருக்குள்ளேயே இருந்தால், வெளிச்சுவரிலிருந்து அதைப் பெயர்த்தெடுத்து இரண்டு கம்பிகளைத் தொட வைத்தாலே போதும், கதவு திறந்துவிடும். ரிலேயும் பலகையும் கட்டடத்துக்குள் பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம்மாடி: என் தாயாருக்கு எண்பது வயதாகிறது; விரல்ரேகை தேய்ந்துவிட்டதால் வங்கி ரீடரே அவரை அடையாளம் காண்பதில்லை. மழையில் காய்கறிப் பையுடன் அவரை வாசலில் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டுக்கு நான் இசைய மாட்டேன். தவிர, போப்பியா என்னும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி விரல்ரேகை சிறப்புவகைத் தகவல். 2021 ஜூலை முதல் அச்சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. யார் அதைச் சேமித்து வைப்பார்கள், வீட்டை விற்றுப் போனவரின் ரேகையை யார் அழிப்பார்கள் என்பதற்கு விலைப்புள்ளியில் பதிலே இல்லை. குறியாக்கம் உள்ள கார்டு போதும்; காலி செய்பவரின் கார்டைப் பதிவேட்டிலிருந்து அன்றே நீக்கிவிடலாம். 125 கிலோஹெர்ட்ஸ் மலிவுக் கார்டு மட்டும் வேண்டாம், அதைச் சில வினாடிகளில் நகல் எடுத்துவிடுவார்கள்.

கடலோரம்: அம்மா, முதியோரைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க முடியாது, கார்டுக்கு இசைகிறேன். தெருவாசலின் கனத்த மரக் கதவுக்கு ஸ்ட்ரைக் பூட்டும் பொருந்தும். பின்கதவு விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. அதன் அலுமினியச் சட்டம் ஒடுங்கியது, கதவும் சற்றுத் தொங்கியிருக்கிறது. தாழ் குழிக்கு நேராக வந்து விழாத கதவில் ஸ்ட்ரைக் பூட்டைப் பொருத்தினால் வாரத்துக்கொரு புகார் வரும்.

மின்வழி: கீலைச் சரிசெய்து டோர் க்ளோசரை மாற்றினால் தாழ் நேராக விழும் என்பதே என் எண்ணம். அங்கே மின்காந்தப் பூட்டுதான் என்றால், 18 ஆம்பியர்-மணி பேட்டரியும் அதற்கேற்ற சார்ஜரும் போடச் சொல்லுங்கள். பணத்தைத் தீர்ப்பதற்கு முன், பொருத்துபவர் முன்னிலையிலேயே மின்சாரத்தை நிறுத்திக் கதவு எத்தனை மணி நேரம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

அறங்காவலர்குழு: இந்த விலைப்புள்ளியைத் திருப்பி அனுப்புகிறோம். தெருவாசலுக்கு ஸ்ட்ரைக் பூட்டு, இரு கதவுகளுக்கும் கார்டு ரீடர், பலகை உட்புறம் என்று புதிதாகக் கேட்போம். பின்கதவின் சட்டத்தை அளந்து அகலத்தை இங்கே பதிவிட்ட பிறகு அதன் பூட்டை முடிவு செய்வோம்.