புனீத் மறைவு: 2006 கலவரம் 2021-ல் ஏன் நடக்கவில்லை? அந்தக் கண் தான ஆர்வம் நிலைத்ததா?

நெல்லைக்காரன் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. வேலை மாறிப் பெங்களூருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. வந்ததிலிருந்து ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆட்டோ முதுகு, தள்ளுவண்டி, சலூன், தர்ஷினி ஹோட்டல் கல்லாவுக்கு மேலே, எங்கே பார்த்தாலும் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் சிரிக்கும் படம். எங்கள் வீட்டுக்கார அம்மா சாமி படங்களோடு அவர் படத்தையும் வைத்துத் தினமும் பூப் போடுகிறார். அவர் இறந்தது 2021 அக்டோபர் 29, வயது 46. நம் ஊரில் எம்.ஜி.ஆர் படத்துக்கு இப்படிப் பார்த்திருக்கிறேன், ஆனால் எம்.ஜி.ஆர் முதலமைச்சராக இருந்தவர். இவர் கட்சி, தேர்தல் பக்கமே போகாதவர்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். 2006-ல் இவருடைய அப்பா, பெரிய கன்னட நடிகர் ராஜ்குமார் இறந்தபோது பெங்களூரில் பேருந்துகள் எரிந்ததை டிவியில் பார்த்த ஞாபகம் இருக்கிறது. மகன் இறந்தபோது லட்சக்கணக்கில் கூட்டம் வந்தும் அப்படி ஏதும் நடக்கவில்லையே, என்ன மாறியது? அப்புறம், அவர் கண்களைத் தானம் செய்ததைப் பார்த்து ஏராளமானவர்கள் கண் தானத்துக்குப் பதிவு செய்தார்கள் என்கிறார்கள். அது அந்த நேரத்து உணர்ச்சியோடு முடிந்துவிட்டதா, உண்மையிலேயே ஏதாவது மாறியதா? அப்போது இங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லேஸ்வரம்வாசி எழுதியது:

தம்பி, இரண்டு சாவையும் இந்த ஊரிலேயே இருந்து பார்த்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ராஜ்குமார் 2006 ஏப்ரல் 12 அன்று சதாசிவநகர் வீட்டில் காலமானார், மறுநாளே அடக்கம். நடுவில் ஒரே ஒரு ராத்திரிதான். மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் கிளம்பி வந்த ஜனங்களுக்கு எங்கே போய் நிற்பது, எப்போது முகத்தைப் பார்க்கலாம் என்று சொல்ல ஆள் இல்லை. கண்டீரவா ஸ்டேடியத்திலும் அங்கிருந்து அடக்கம் நடந்த கண்டீரவா ஸ்டுடியோவுக்குப் போகிற வழியிலும் தள்ளுமுள்ளு கல்வீச்சாகி, வண்டிகளுக்குத் தீ வைத்து, தடியடி, துப்பாக்கிச்சூடு வரை போனது. ஒரு காவலர் உட்பட எட்டுப் பேர் உயிர் போனது. இங்கே இருந்த தமிழர்களுக்கு அன்றைக்குப் பயம் கூடுதல். 2000-ல் வீரப்பன் அவரைத் தாளவாடி பக்கம் தொட்டகாஜனூர் வீட்டிலிருந்து கடத்திக்கொண்டு போய் 108 நாள் காட்டில் வைத்திருந்தபோது இந்த ஊரில் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம் என்பது எங்கள் வயதுக்காரர்களுக்கு மறக்காது. கலவரம் எங்கே ஆரம்பித்தாலும் நம் பக்கம் திரும்புமோ என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

2021-ல் முக்கியமாக ஜனங்களுக்கு நேரம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் இறந்தார். மகள் அமெரிக்காவிலிருந்து வந்து சேர வேண்டும் என்பதால் ஞாயிறு விடிகாலையில்தான் அடக்கம். அதுவரை கண்டீரவா ஸ்டேடியத்தில் உடலை வைத்து இரவும் பகலும் வரிசையில் விட்டார்கள். பார்க்க முடியும் என்று தெரிந்துவிட்டால் கூட்டம் பொறுமையாக நிற்கும், இது நான் கண்ணால் பார்த்தது. போலீஸ் குவிக்கப்பட்டிருந்தது, நகரில் மதுக்கடைகளை மூடிவிட்டார்கள். அண்ணன்கள் சிவராஜ்குமாரும் ராகவேந்திராவும் அமைதி காக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடக்கத்தையும் கூட்டம் பெருகும் முன் காலையிலேயே, அப்பா அம்மா சமாதிக்குப் பக்கத்தில் முடித்துவிட்டார்கள்.

ஆனால் போலீஸும் ஏற்பாடும் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். 2006-ல் நடந்தது ரசிகர்களுக்கே பெரிய தலைகுனிவாக இருந்தது. அப்பாவுக்கு நேர்ந்ததை அப்புவுக்கு நேர விடக் கூடாது என்று வரிசையில் நின்றவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இங்கே எல்லோருக்கும் அவர் அப்புதான். கைக்குழந்தையிலிருந்து திரையில் பார்த்து, 1985-ல் வந்த 'பெட்டத ஹூவு' படத்துக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது வாங்கியபோது கைதட்டி, அப்புறம் டிவியில் கோட்டியாதிபதி வினாடி வினா நிகழ்ச்சி நடத்துகிறவராக வீட்டுக் கூடத்தில் பார்த்த பிள்ளை. கெட்ட பேர் ஒன்றுகூட இல்லை. உங்கள் வீட்டுக்கார அம்மா பூப் போடுவது ஒரு நடிகருக்கு இல்லை தம்பி, வீட்டில் செத்துப்போன பிள்ளைக்கு.

நம் ஊர்த் தொடர்பும் உண்டு. அவர் பிறந்ததே சென்னையில்தான். சூர்யா சமாதிக்கு வந்து கண்ணீர் விட்டு அழுதார். புனீத் படிக்க வைத்துக்கொண்டிருந்த 1800 பிள்ளைகளின் அடுத்த வருடப் படிப்புச் செலவைத் தான் ஏற்பதாக விஷால் மேடையில் அறிவித்தார். 2022 நவம்பர் 1 அன்று சட்டசபைக் கட்டிடமான விதான சௌதா முன்னால் கொட்டும் மழையில் புனீத்துக்கு மாநிலத்தின் உயரிய விருதான கர்நாடக ரத்னா கொடுத்தபோது ரஜினி வந்து கன்னடத்தில் பேசினார். புனீத் இறந்த சமயம் ரஜினியே ஆஸ்பத்திரியில் இருந்ததால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அவருக்கே சொன்னார்களாம்.

ஓசூர்ப்பையன் எழுதியது:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அமைதியாக முடிந்தது என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. தாங்க முடியாமல் உயிரை விட்ட ரசிகர்களும் இருந்தார்கள், அந்தக் குடும்பமே பதறிப்போய் யாரும் இப்படிச் செய்யாதீர்கள், உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள் என்று கெஞ்ச வேண்டி வந்தது. அந்த வீடுகளில் இன்றைக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று எந்த ரசிகர் மன்றமாவது போய்ப் பார்த்திருந்தால் அவர்களுக்கு என் வணக்கம்.

அந்த டாக்டர் விஷயமும் இருக்கிறது. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று புனீத் முதலில் போனது குடும்ப மருத்துவரிடம், அவர் ஈசிஜி எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், அங்கே காப்பாற்ற முடியவில்லை. உடனே ஆளாளுக்கு மொபைலில் தீர்ப்பு எழுத ஆரம்பித்தார்கள். கடைசியில் அந்த வயதான மருத்துவரின் வீட்டுக்கும் கிளினிக்குக்கும் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. ஒருவர் மேல் அன்பு இருக்கிறது என்பதற்காக இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாமா? எனக்கு அன்றைக்கும் கோபம், இன்றைக்கும் கோபம்.

அப்புறம் பயம். தினமும் உடற்பயிற்சி செய்கிற 46 வயது ஆள், அன்று காலையும் உடற்பயிற்சி செய்தவர், மதியம் இல்லை என்றதும் எங்கள் பக்கம் பாதிப் பையன்கள் ஜிம்முக்கே முழுக்குப் போட்டுவிட்டார்கள். ஜெயதேவா இதய மருத்துவமனையில் நெஞ்சு பரிசோதனைக்கு வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம், பயப்படாதீர்கள் என்று அங்கே இருந்த டாக்டர்களே பேட்டி கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பயத்திலிருந்து ஒரு நல்லதும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். அவர் பெயரிலேயே 'ஹ்ருதய ஜோதி' என்று கர்நாடக அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, பெரிய மருத்துவமனை டாக்டர்கள் அதை அங்கிருந்தே பார்த்து, மாரடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் ஊசியை அங்கேயே இலவசமாகப் போடுகிற ஏற்பாடு. வெளியே அந்த ஊசி ஏழைகள் வாங்குகிற விலை கிடையாது. ஊருக்கு நூறு சிலை வைப்பதைவிட எனக்கு இது பெரிசு.

சிஸ்டர்_கண்வங்கி எழுதியது:

கண் தானம் பற்றிக் கேட்டதால் நான் எழுதுகிறேன். இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் கண் தானம் கேட்டுப் பேசுவதுதான் என் வேலை.

கண் தானம் அந்த வீட்டில் புதிது இல்லை. 2006-ல் ராஜ்குமார் கண்களைக் கொடுத்தார்கள், 2017-ல் புனீத்தின் அம்மா பார்வதம்மா இறந்தபோதும் கொடுத்தார்கள், அதனால் புனீத் இறந்த அன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் யாரும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. வழக்கமாக ஒரு கருவிழி ஒருவருக்கு என்று இரண்டு பேருக்கு வைப்பார்கள். புனீத்துக்கு நாராயண நேத்ராலயா கண் மருத்துவமனை டாக்டர்கள் ஒவ்வொரு கருவிழியையும் முன் அடுக்கு, பின் அடுக்கு என்று பிரித்து, கருவிழியின் முன்பக்கம் பழுதான இருவருக்கு முன் அடுக்கையும், பின்பக்கம் பழுதான இருவருக்குப் பின் அடுக்கையும் வைத்தார்கள். நான்கு பேருமே இளைஞர்கள், அவர்களில் ஒருவர் பெண். அவர் இறந்த மறுநாளே அறுவை சிகிச்சை முடிந்தது. ஜனங்கள் ஸ்டேடியத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே அவர் கண்கள் நான்கு பேருக்குப் போய்விட்டன. அந்தச் செய்தி கேட்டவர்களை உலுக்கியதில் ஆச்சரியம் இல்லை. ஆயிரக்கணக்கில் பதிவு செய்தார்கள், ஊர் ஊராக முகாம் போட்டார்கள். அப்புவின் வழியில் இத்தனை பேர் கண் தானத்துக்கு வருவதைப் பார்த்துக் கண் கலங்குவதாக அவர் மனைவி அஸ்வினியும் எழுதியிருந்தார்.

நிலைத்ததா என்றால், பதிவுக் கூட்டம் அப்படியே தொடரவில்லை, அது எதிர்பார்க்கிறதுதான். ஆனால் எங்கள் வேலை சுலபமாகியது. முன்பெல்லாம் சாவு வீட்டில் பேச்சை எடுத்தால் முகத்தைச் சிதைத்துவிடுவீர்கள், அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பார் என்று சண்டைக்கு வருவார்கள். இப்போது அப்பு கொடுத்தாரே என்ற ஒரு வார்த்தை போதும், பாதிப் பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட அப்பு கொடுத்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே சொன்னது உண்டு.

ஒன்றை எல்லோரும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த கார்டை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டால் மட்டும் கண் தானம் நடக்காது. நீங்கள் போன பிறகு சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டியது வீட்டில் இருப்பவர்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அழுகையில் அந்த நேரம் போய்விடும், கார்டு மறுநாள்தான் ஞாபகம் வரும். அன்று பதிவு செய்தவர்கள் எத்தனை பேர் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

நெல்லைக்காரன் எழுதியது:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ஓசூர் நண்பர் சொன்ன டாக்டர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. சிஸ்டர், ஒரு சந்தேகம். ஊரில் அப்பாவிடம் இதைப் பேசலாம் என்று இருக்கிறேன். அவருக்குச் சர்க்கரை உண்டு, இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கண்ணாடியும் போடுகிறார். அவரால் கொடுக்க முடியுமா? அப்படி ஒரு நேரம் வந்தால் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

சிஸ்டர்_கண்வங்கி எழுதியது:

தாராளமாகக் கொடுக்கலாம். சர்க்கரை, கண்ணாடி, கண்புரை ஆபரேஷன், வயது எதுவும் தடை இல்லை, ஏனென்றால் எடுத்து வைப்பது கருவிழியைத்தான். எச்.ஐ.வி, மஞ்சள் காமாலை பி, சி வகைகள், வெறிநாய்க்கடி, ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்று மாதிரி சில நோய்கள் இருந்தால் மட்டும் எடுக்க மாட்டார்கள், அதற்காகத்தான் கொஞ்சம் ரத்தமும் எடுத்துச் சோதிப்பார்கள்.

அந்த நேரத்தில் இமைகளை மூடிவிட்டு, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கருவிழி காய்ந்துவிடும். தலைக்குத் தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள். பக்கத்துக் கண் வங்கிக்கு உடனே போன் செய்தால் அவர்களே வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள், பணம் எதுவும் கிடையாது, முகமும் பார்க்க எப்போதும் போலத்தான் இருக்கும். கையில் இறப்புச் சான்றும், சம்மதக் கடிதத்துக்குச் சாட்சியாக இரண்டு பேரும் இருந்தால் நல்லது.

அப்பாவிடம் பேசும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள் தம்பி. கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கண் வங்கி எண்ணை வாங்கி வீட்டு நாள்காட்டியில் எழுதி மாட்டிவிடுங்கள்.