புதுப்பிப்பு: நாவல்பழ ஜாம் ஒருவழியாக இறுகிவிட்டது

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் கிண்டிய நாவல்பழ ஜாம், இறுக வைக்கும் பெக்டின் தூள் போட்டும் சர்பத் மாதிரி ஓடுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். "எலுமிச்சை பிழிந்தீர்களா?" என்று கேட்டவர்தான் நோயைப் பிடித்தார். நான் பிழியவில்லை. நாவல்தான் நாக்கை இழுக்கிறதே, அது போதும் என்று விட்டுவிட்டேன். துவர்ப்பு வேறு, புளிப்பு வேறு. கடையில் கிடைக்கும் சாதாரண பெக்டினுக்குச் சர்க்கரையும் நிறைய வேண்டும், புளிப்பும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஜாம் இறுகாது.

இன்னொரு தப்பு, தூளைக் கொதிக்கிற கூழில் நேரே தட்டியது. மீன்முட்டை போலக் கட்டிகள் மிதந்தன. ஒன்றை நசுக்கிப் பார்த்தால் உள்ளே தூள் நனையவே இல்லை!

இந்த முறை 700 கிராம் கூழ், அதே அளவு சர்க்கரை. 10 கிராம் பெக்டினை அந்தச் சர்க்கரையில் 50 கிராம் எடுத்துக் கலந்து, சூடான கூழில் தூவிக்கொண்டே கிளறினேன். அப்புறம் மீதிச் சர்க்கரை, கடைசியில் இரண்டு எலுமிச்சை. 105 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்தேன். ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால், பால் ஆடை போலச் சுருங்கியது.

அம்மா மட்டும் இன்னும் கடற்காற்றைத்தான் குற்றம் சொல்கிறார். சரி, இருக்கட்டும். ஓடின பழைய பாட்டிலை மச்சான் சோடாவில் கலந்தே காலி செய்துவிட்டார்.