மறு: தோரணவாயில் நன்கொடை – கல்லில் யார் பெயர்?

ஊரார் எல்லோருக்கும் வணக்கம்.

ஊர்த் தோரணவாயிலுக்குத் தலைக்கு 300 வெள்ளி கேட்டுச் சங்கச் செயலாளர் மாமா எழுதியதையும், அதற்குக் குவைத் அத்தான் ஊர்ப் பெருமை பற்றி எழுதிய நீளமான பதிலையும் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஊருக்குப் போன என் நாத்தனார் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. கல்லில் யார் பெயர் என்பது "இன்னும் யோசனையில்தான் இருக்கிறது" என்றீர்களே மாமா, சாவடிச் சுவரில் கருங்கல் பலகை வந்து சாத்தியிருக்கிறதே! எழுத்தும் வெட்டியாகிவிட்டது. "கம்பெனி காலத்துத் தாசில்தார், கொடைவள்ளல்" என்று பொன் வண்ணம் வேறு. அடியில் "உபயம்: வெளிநாடு வாழ் ஊர்ச் சங்கம்". யாரைக் கேட்டு உபயம்?

அந்தத் தாசில்தார் வெட்டிய குளத்தில்தான் நாம் எல்லோரும் நீச்சல் பழகினோம் என்கிறார் அத்தான். பழகினோம், இல்லை என்று சொல்லவில்லை. குளம் வெட்டக் காசு எங்கிருந்து வந்தது என்பதை எங்கள் ஆயா சொல்வார். மேலத்தெருவில் அந்தக் கதை வேறு மாதிரி இருக்கும் போல.

மழை பொய்த்த ஒரு வருஷம். கம்பு கருகிப்போய்விட்டது. எங்கள் பாட்டன் ஒருவரிடம் கிஸ்தி பாக்கி. ஜமாபந்தி என்ற வருஷ வரிக் கணக்கில் "சாவி" என்று, அதாவது பயிர் பொய்த்தது என்று எழுதித் தள்ளுபடி கொடுக்க ஊர்க் கணக்கரான கர்ணத்துக்கு ஒரு பங்கு, சேவகனுக்கு ஒரு பங்கு, மேலே தாசில்தாருக்கு ஒரு பங்கு. கொடுக்க வழியில்லாதவருக்குத் தள்ளுபடியும் இல்லை. இதே சாவடி வாசலில், உச்சி வெயிலில் குனிய வைத்து முதுகில் கல் ஏற்றினார்கள். அதற்கும் பணம் வரவில்லை என்றதும் கிட்டி. இரண்டு குச்சிகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, நடுவில் விரல்களைக் கொடுத்து, மறு முனையை நெரிப்பது. பாட்டி தாலிக்குண்டை விற்றுக் கட்டினாராம். பாட்டனின் தம்பி குடும்பத்தோடு ஆற்றைத் தாண்டிப் பாகூர்ப் பக்கம், பிரெஞ்சுக்காரன் எல்லைக்குப் போனவர் திரும்பவே இல்லை. பாண்டிச்சேரி சின்ன அத்தை வகையறா அங்கே இருப்பது அப்படித்தான்.

ஆயா கதைக்கு அத்தாட்சி உண்டா என்று அத்தான் கேட்பார், தெரியும். நம் வீட்டுக்கென்று தனி அத்தாட்சி இல்லை. ஆனால் சென்னை ராஜதானி முழுக்க இதுதான் நடப்பு என்பதற்கு அரசாங்கமே அச்சிட்ட அறிக்கை இருக்கிறது. கஜுலு லட்சுமிநரசு செட்டியாரின் சென்னை சுதேச சங்கம் குடிகளின் குறைகளை எழுதி லண்டனுக்கு மனு அனுப்பியது. (அதுவும் ஒரு சங்கம்தான், தோரணவாயில் கட்டவில்லை.) 1854ல் லண்டன் பாராளுமன்றத்தில் பேச்சு எழுந்ததும் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரையும் இந்தச் சித்திரவதைகளை விசாரிக்கப் போட்டார்கள். 1,959 புகார்கள் வந்தன. புகார் சொன்னவர்களில் 519 பேர் நேரிலேயே வந்து நின்றார்கள். ரயில் இல்லாத காலம் என்பதை நினைவில் வையுங்கள். 1855ல் வந்த அறிக்கையில் கிட்டியும் இருக்கிறது, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே நிறுத்தும் அண்ணாந்தாளும் இருக்கிறது. 1857ல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இதை எடுத்து எழுதினார்.

எனக்கு வயிறு எரிந்த இடம் வேறு. வரி வசூலும் தாசில்தார் கையில், போலீசும் அவர் கையில். அடித்தவன் மேல் புகார் கொடுக்க வேண்டிய இடம் அடித்தவன் உட்கார்ந்திருக்கும் கச்சேரி, அதாவது தாசில்தார் அலுவலகம்தான். கலெக்டருக்கு மனு எழுதினால் அதையும் விசாரிக்கச் சொல்லி அதே தாசில்தாருக்கே திருப்பிவிடுவார்கள். கடைசியில் அந்த மூவரும் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? ஜனங்கள் முறையிடுவது சொந்த நாட்டு உத்தியோகஸ்தர்களின் கொடுமையைப் பற்றித்தானாம், வெள்ளைக்காரத் துரைமார் மீது குறையில்லையாம். இவ்வளவு வசூலாக வேண்டும் என்று மேலே உட்கார்ந்து கேட்டது யார்? கையை அழகாகக் கழுவிக்கொண்டார்கள்.

ஆகவே அந்தத் தாசில்தார் மட்டும் பெரிய ராட்சசன் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் கொஞ்சம், மேலிடத்து நெருக்கடி அதிகம், ஊரில் எல்லோரும் வாங்கினார்கள், அவரும் வாங்கினார். அதற்காகக் "கொடைவள்ளல்" என்று நுழைவாயிலில் எழுதி, என் பிள்ளைகளை அதன் கீழே நடத்திக் கூட்டிப் போக முடியாது. "வெள்ளைக்காரன் காலத்திலேயே நம் ஊர் ஆள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தார்" என்கிறார் அத்தான். உட்கார்ந்தார் அத்தான், எதிரே குனிந்து நின்றதும் நம் ஊர் ஆள்தான்.

அப்புறம் கணக்கு. தானே புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தபோது சங்கம் வசூல் செய்தது. ஏரி மதகுக்கு என்று மீதியை வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். மதகுப் பலகை உளுத்துப்போய் மணல் மூட்டை அடுக்கித்தான் தண்ணீரை நிறுத்துகிறார்கள், நாத்தனார் அதையும் படம் எடுத்திருக்கிறார். வரவு செலவு கேட்டு நான் எழுதிய மடலைச் செயலாளர் மாமா என்ன செய்தார்? "தக்க நடவடிக்கைக்கு" என்று பொருளாளர் பெரியப்பாவுக்கே அனுப்பிவைத்தார். பெரியப்பா "பார்க்கிறோம்மா" என்றார். மேலே எழுதியதை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். என் அப்பா இறந்தபோது சங்கத்தின் பேரில் ஒரு மாலை போட நேரமில்லாதவர்களுக்குக் கல்வெட்டுக்கு மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது. இருபது வருஷம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன், நீங்கள் உட்பட.

சாவடித் திண்ணையை இடிக்கப்போகிறார்கள் என்பது உண்மையா? தாயம் ஆட நாங்கள் கீறிய கட்டம் இன்னும் அங்கே இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் கடலூர் பஸ் வரும்வரை அங்கேதான் கிடப்போம். வெயில் காலத்திலும் அந்தக் கல் சில்லென்று இருக்கும். தோரணவாயிலுக்கு இடம் வேண்டுமென்றால் தார் ரோட்டு முக்கில் கட்டுங்கள், திண்ணை மேல் கை வைக்காதீர்கள்.

என் 300 வெள்ளி தயாராக இருக்கிறது. மதகுக்கு என்றால், பழைய கணக்கு இந்தக் குழுவில் வந்த அன்றே அனுப்புகிறேன். தோரணவாயிலுக்கு என்றால், ஊர்ப் பெயர் மட்டும் வெட்டுங்கள், பாதி தருகிறேன். இந்தக் கல்லுக்கு ஒரு காசு கிடையாது. பதிலைத் தனி மடலில் எழுத வேண்டாம் மாமா, எல்லோரும் பார்க்கும்படி இங்கேயே எழுதுங்கள்.

கீழத்தெரு வாத்தியார் மகள்
சிங்கப்பூர்

பி.கு.: சின்ன அத்தைக்கு: உங்கள் பெரியவன் கல்யாணத்துக்கு வாங்கிப்போன பித்தளை அண்டாவை நாத்தனார் கையில் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தேன். வரவில்லை.