குளியலறைச் சுவரில் தொங்கும் கூடு: துணி அரிக்கும் அந்துதானா?

குமரிக்கரை: நாகர்கோவிலில் எங்கள் குளியலறைச் சுவரிலும் பரணுக்கு அடியிலும் பூசணி விதை போன்ற சிறு கூடுகள் தொங்குகின்றன. மேலெல்லாம் சுண்ணாம்புத் துகள், உள்ளே புழு. துணி அரிக்கும் அந்துதான் இது. பக்கத்து அறைப் பீரோவில் பட்டுச்சேலைகள் இருக்கின்றன. வீடு முழுக்க அந்துருண்டை போடப்போகிறேன்.

இலைநரம்பு: பொறுங்கள், கூட்டின் வடிவமே வேறு கதை சொல்கிறது. துணி அரிப்பவற்றில் டினியோலா பிஸ்ஸெல்லியெல்லாவின் புழு கூட்டைச் சுமந்து திரிவதில்லை; துணிமேலேயே இழை பின்னித் தின்னும். டினியா பெல்லியோனெல்லா சுமக்கும், ஆனால் அதன் கூடு உருளை. நீங்கள் சொல்வது தட்டையானது, நடுவில் அகன்று இரு முனையிலும் ஒடுங்குவது. ஃபெரியோகா பேரினம் (நெருங்கிய இனங்கள் பல அடங்கிய குழு) இது. முழுதாக வளர்ந்த கூடு 8 முதல் 14 மி.மீ. வரை இருக்கும். இரு முனையும் திறந்திருப்பதால் புழு உள்ளேயே திரும்பி எந்தப் பக்கமும் தலையை நீட்டும்.

குமரிக்கரை: பெயர் எதுவானால் என்ன? கம்பளியை இதுவும் தின்னும் அல்லவா?

இலைநரம்பு: கிடைத்தால் தின்னும். ஆனால் அது பெரிதும் விரும்புவது பழைய சிலந்தி வலையை. பூச்சியியலாளர் ஆனெட் ஐயெல்லோ பனாமாவில் இப்பேரினத்து இனமான ஃபெரியோகா அல்லுடெல்லாவின் புழுக்களை ஆராய்ந்து 1979இல் எழுதினார். செத்த கொசுக்களையும் தம் தலைமுடியையும் அவற்றுக்கு உணவாகக் கொடுத்திருக்கிறார். இந்தப் புழுவுக்கு ஈரக்காற்று வேண்டும். அதனால்தான் பீரோவை விட்டுவிட்டுக் குளியலறையில் இருக்கிறது. அந்துருண்டையின் ஆவி மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும். திறந்த அறையில் அதைச் சுவாசிப்பது உங்கள் வீட்டுக் குழந்தைகள்தான். ஒட்டடை அடியுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கூடுகளைக் கையால் எடுத்துப் போடுங்கள்.

வேலிப்பருத்தி: இத்தனை சொன்னபின், இதே பேரினத்து ஃபெரியோகா யூட்டெரெல்லா என்று நம் பூச்சிப் பதிவில் எழுதிவிடலாமே? வீட்டுக் கூடு என்றாலே எல்லோரும் அந்தப் பெயரைத்தான் போடுகிறார்கள்.

இலைநரம்பு: அதைத்தான் கடுமையாக மறுக்கிறேன். யூட்டெரெல்லாவின் பெண் அந்து சாம்பல் நிறம். சிறகை விரித்தால் 10 முதல் 13 மி.மீ., முன்சிறகில் கரும்புள்ளிகள். அல்லுடெல்லாவும் ஏறக்குறைய அப்படியே இருக்கும், அது இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவாகியுள்ளது. இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்காமல் வெறும் கூட்டை வைத்து இனப்பெயர் எழுதினால், பின்னால் பரவல் வரைபடம் போடுகிறவருக்கு நாம் பொய்யைக் கொடுக்கிறோம்.

வேலிப்பருத்தி: இப்படிக் கண்டிப்பு காட்டினால் நம் ஊர்ப் பூச்சிகளில் பாதிக்குப் பதிவே இராது.

இலைநரம்பு: பேரினத்தோடு நிறுத்திய பதிவும் பதிவுதான். இடத்தையும் மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள், அது போதும்.

குமரிக்கரை: ஒட்டடை இன்றே அடிக்கிறேன். பீரோவுக்குள் அந்துருண்டை இருக்கத்தான் செய்யும். அதில் யார் சொன்னாலும் கேட்கமாட்டேன்.