வீட்டுக்குள் வரும் மூஞ்சூறுகளால் ஆபத்து உண்டா?

கேள்வி: தக்கலை வாசகி

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதிலிருந்து, பொழுது சாய்ந்ததும் அடுக்களையின் பின்சுவரை ஒட்டி ஒரு மூஞ்சூறு ஓடுவது வழக்கமாகிவிட்டது. கழுவுநீர் வெளியேறும் துளை வழியாக நுழைந்து, சுவரோரமாகவே போய், விறகு அடுக்கியிருக்கும் மூலைக்குள் மறைந்துவிடுகிறது. அறையின் நடுப்பகுதிக்கு அது வருவதே இல்லை. ஓடும்போது விடாமல் கீச்சிடுகிறது. அரிசி வாளிக்குப் பின்புறம் எத்தனை முறை துடைத்தாலும் ஒரு காரமான நெடி போகாமல் நிற்கிறது.

சென்ற வாரம் புறவாசல் விளக்கைப் போட்டபோது, கதம்பைக் (தேங்காய் மட்டை) குவியலுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் நீளமாக ஒன்று நெளிந்து வருவதைக் கண்டு என் மகள் பாம்பு என்று அலறிவிட்டாள். உற்றுப் பார்த்தபோதுதான், தாய் மூஞ்சூறு முன்னால் போக, அதன் வாலடியை முதல் குட்டியும், முதல் குட்டியின் பின்புறத்தை அடுத்த குட்டியுமாக, வாயால் கவ்விக்கொண்டு நான்கு குட்டிகள் ஒரே கோடாக நகர்ந்தது தெரிந்தது.

பிள்ளையாரின் வாகனத்தைக் கொல்லக் கூடாது என்று மாமியார் உறுதியாக இருக்கிறார். கடையில் எலி மருந்து வாங்கி வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். வீட்டில் தவழும் வயதில் குழந்தை இருப்பதால் மருந்து வைப்பதற்கு எனக்கு மனமில்லை. எங்கள் பூனையோ ஒரு மூஞ்சூற்றைக் கொன்று, தின்னாமல் படிக்கட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டது. இது எலியின் இனம்தானா? கடித்தால் விஷமா? இதனால் நோய் வருமா? விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், நாகர்கோவில்

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்றவற்றில் பாதி தானாகவே தெளிந்துவிடும். மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்தது அன்று. எலியும் அணிலும் கொறித்துண்ணிகள். மூஞ்சூறோ, பெயரில் மட்டுமே 'எலி' உள்ள அகழெலிகளும், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காடுகளில் காணப்படும் முள்ளெலியும் அடங்கிய பூச்சியுண்ணிக் கூட்டத்தைச் சேர்ந்தது. நம் வீடுகளில் காண்பதற்கு அறிவியலில் சங்கஸ் மியூரினஸ் என்று பெயர். 1766ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இதை விவரித்தபோது வைத்த 'மியூரினஸ்' என்ற சொல்லுக்கு எலி போன்றது என்பது பொருள். உருவ ஒற்றுமை அதற்கு மேல் போவதில்லை.

பூனை போட்டுவிட்டுப் போனதைப் புதைப்பதற்கு முன் ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்திருந்தால் வேறுபாடுகள் கண்ணில் பட்டிருக்கும். முகவாய் வாயைத் தாண்டி முன்னே நீண்டிருக்கும். அதன் இரு புறமும் மீசைமயிர்கள் அடர்ந்திருக்கும். கண் குண்டூசித் தலையளவுதான் இருக்கும். எலியின் முன்னங்காலில் நன்கு வளர்ந்த விரல்கள் நான்கு; மூஞ்சூற்றுக்கு நான்கு கால்களிலும் ஐந்தைந்து விரல்கள். வால் அடியில் பருத்து நுனியில் மெலிந்து, குட்டைமயிருக்கு இடையே அங்கங்கே நீண்ட மயிர்கள் துருத்தியிருக்கும். அந்தப் பருமன் கொழுப்பைச் சேமித்துவைப்பதால் வருவது. வாயைத் திறந்தால் எலியின் உளிப்பற்களைக் காண முடியாது. முன்னால் கொக்கிபோல் வளைந்த இரண்டு பற்களும், பின்னால் கூரிய முனைகள் கொண்ட சிறு பற்களுமாக மொத்தம் 30 பற்கள் இருக்கும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அது எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். மூஞ்சூற்றுக்கு அந்தத் தேவை இல்லை. ஆகையால் துணியை அறுப்பது, மின்கம்பியைக் கடிப்பது, சாக்கில் ஓட்டை போடுவது போன்ற சேதங்களைக் கண்டால், வீட்டில் எலியும் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

அது சுவரை விட்டு விலகாததற்குக் காரணம் பார்வைக் குறைவு. மீசையாலும் மோப்பத்தாலும் செவியாலும்தான் அது வழி காண்கிறது. சுவரோரம் அதற்குக் கைப்பிடிபோல் உதவுகிறது. நெடி, அதன் விலாவின் இருபுறமும் உள்ள கத்தூரிச் சுரப்பிகளிலிருந்து வருவது. ஒரே பாதையில் தினமும் உரசிப் போவதால் அந்த இடத்தில் வாடை படிந்துவிடுகிறது. பூனை கொன்றும் தின்னாததற்கு இந்த வாடையே காரணம். பாம்புகளும் கூகைகளும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இத்தகைய சிறு பாலூட்டிகளுக்கு உடலின் பருமனை நோக்க மேற்பரப்பு மிகுதி. அதனால் உடல்வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. அதை ஈடுசெய்ய இரவும் பகலும் சிறுசிறு இடைவெளியில் தின்றுகொண்டே இருக்க வேண்டும். இந்தியாவிலும் காணப்படும் எட்ரூரிய மூஞ்சூறு, எடையளவில் உலகின் மிகச் சிறிய பாலூட்டி. ஏறக்குறைய 2 கிராம்தான், நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடவும் எடை குறைவு. அதன் இதயம் நிமிடத்துக்கு 1,000 முறைக்கு மேல் துடிக்கிறது. வீட்டு மூஞ்சூறு அதனோடு ஒப்பிட்டால் பேருருவம். ஆண் விலங்கு 100 கிராமையும் தாண்டும். ஆயினும் பசி தாங்கும் திறன் அதற்கும் குறைவுதான். உங்கள் அடுக்களையில் அது தேடுவது கரப்பான், சுவர்க்கோழி, பூரான், மண்புழு போன்றவற்றையே. சுண்டெலியின் குஞ்சுகளையும் பிடித்துத் தின்னும்.

உங்கள் மகள் கண்ட காட்சி பலருக்கு வாழ்நாளில் வாய்ப்பதில்லை. கூடு கலைந்தாலோ இடம் மாற நேர்ந்தாலோ, தாய் குட்டிகளை இவ்வாறு சங்கிலியாகக் கோத்து அழைத்துச் செல்கிறது. பாம்பு என்று நினைத்து அடித்துக் கொன்றவர்கள் நம் ஊரில் உண்டு. கருக்காலம் சுமார் 30 நாட்கள். குட்டிகள் கண் மூடி, மயிரின்றிப் பிறந்து, மூன்று வாரமளவில் பால்குடி மறந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எலிக்கு வாந்தி எடுக்க இயலாது, மூஞ்சூற்றுக்கு இயலும். அதனால், புற்றுநோய் மருந்துகளாலும் பயணத்தாலும் வரும் குமட்டலைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளுக்காக, ஜப்பானிய ஆய்வகங்கள் நம் வீட்டு மூஞ்சூற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்திருக்கின்றன.

மறுமொழி 2: ரப்பர் விவசாயி, குலசேகரம்

ஆசிரியர் ஐயா விளக்கியதை மறுக்கவில்லை. ஆனால் மூஞ்சூறு பூச்சியை மட்டும் தின்னும் என்ற எண்ணத்தில் யாரும் அடுக்களையைத் திறந்துபோட்டுவிட வேண்டாம். மூடாமல் வைத்த கருவாடு, மீன் கழுவிய கழிவு, மீந்த சோறு, கோழித்தீவனம் எல்லாவற்றையும் அது தொடும். அப்படித் தொட்ட பண்டத்தில் ஏறிய வாடை போவதில்லை. சாளை மீனை உணக்கி (காயவைத்து) வைத்திருக்கும் வீடுகளுக்கு அது தேடி வருவதை எங்கள் பகுதியில் எல்லோரும் அறிவார்கள்.

எங்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் இதே நிலைமை இருந்தது. தோட்டத்து மண்ணில் நீர் ஊறி அதன் வளைகளுக்குள் புகும்போது, காய்ந்த இடம் தேடி அது வீட்டை ஒட்டி வருகிறது. சுவரோடு சேர்த்து அடுக்கிய விறகும் கதம்பையும் அதற்குக் கூடு கட்டுவதற்கு ஏற்ற இடங்கள்; கரப்பானும் தேளும் அவற்றுக்குள் பெருகுவதால் இரையும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. நாங்கள் விறகைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கல் வைத்து உயர்த்திய பலகைமேல் அடுக்கினோம். கழுவுநீர்த் துளைக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைச் சிமென்ட் வைத்துப் பதித்தோம். பின்கதவின் அடியிலிருந்த இடைவெளியை ரப்பர் பட்டை அடித்து மூடினோம். அதன்பிறகு மூஞ்சூறு தோட்டத்தில் திரிகிறது, வீட்டுக்குள் வருவதில்லை. தோட்டத்தில் அது இருப்பதை நான் விரும்புகிறேன். இலைச்சருகைக் கிளறி அது தின்னும் புழுபூச்சிகள் கொஞ்சமல்ல.

தங்கை, எலி மருந்து வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். கடைகளில் கிடைக்கும் மருந்துக் கட்டிகள் பெரும்பாலும் தானியத்தில் செய்யப்பட்டவை. அவற்றை எலி விரும்பும் அளவுக்கு மூஞ்சூறு விரும்புவதில்லை. மருந்து தின்று சாகும் எலியைப் பூனையோ கூகையோ தின்றால் அவற்றுக்கும் நஞ்சு ஏறும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

மறுமொழி 3: ஆய்வகப் பணியாளர், மார்த்தாண்டம்

எலி மருந்து பற்றி அண்ணன் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பசைபோன்ற மஞ்சள் பாஸ்பரஸ் மருந்து கல்லீரலை அழிப்பது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தை கைபடும் வீட்டுக்குள் அது நுழையவே கூடாது.

கடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூஞ்சூறு இனங்களில் உமிழ்நீரில் நஞ்சு உள்ளவை உண்டு. வட அமெரிக்காவின் குட்டைவால் மூஞ்சூறும் ஐரோப்பாவின் நீர் மூஞ்சூறும் அத்தகையவை. நம் வீட்டு மூஞ்சூறு அந்தப் பட்டியலில் இல்லை. அது மனிதரைத் தேடி வந்து கடிப்பதும் இல்லை. கையால் பிடித்தாலோ மூலையில் நெருக்கினாலோ மட்டுமே கடிக்கும். கடித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ சென்று காட்டுங்கள். இத்தகைய சிறு விலங்குகளின் கடியால் வெறிநோய் வருவது மிக மிக அரிது. ஆயினும் டெட்டனஸ் ஊசி, கிருமித்தொற்று ஆகியவற்றை மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை சிறுநீரும், உடலில் ஒட்டியிருக்கும் உண்ணிகளும்தான். எலியைப் போலவே மூஞ்சூறும் எலிக்காய்ச்சல் கிருமியைச் சிறுநீரில் வெளியேற்றக்கூடும். மழைநீர் தேங்கிய முற்றத்தில் காலில் புண்ணோடு நடப்பவர்களுக்கு அதனால் ஆபத்து. அடுத்தது ஸ்க்ரப் டைஃபஸ். புதருக்குள் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வரும் காய்ச்சல் அது. வேலூர், புதுச்சேரிப் பகுதிகளில் நடந்த ஆய்வுகளில் இந்த உண்ணிகள் மூஞ்சூறுகளின் உடலில் மிகுதியாகக் காணப்பட்டிருக்கின்றன. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு தோன்றலாம். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவான இடங்களில் அது இருப்பதால் நோயாளியே அறியாமல் போவதுண்டு. விடாத காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் எலியோ மூஞ்சூறோ இருப்பதையும் தோட்டத்தில் வேலை செய்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டு நோய்களுக்குமே நல்ல மருந்து இருக்கிறது. காலம் தாழ்த்துவதுதான் உயிரைக் கேட்கிறது.

தோட்டப்பாளையம் என்ற பெயரில் ஒரு வைரஸ் உண்டு. 1964இல் வேலூரில் பிடிபட்ட ஒரு வீட்டு மூஞ்சூற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால், அவ்வூர்ப் பகுதியின் பெயரையே பெற்றது. மனிதருக்குக் கொடிய நோய் தரும் வகைகளும் உள்ள ஹான்டா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் கேட்பவர்கள் அஞ்சுகிறார்கள். அதனால் மனிதருக்கு நோய் வந்ததாக நிறுவப்படவில்லை.

அரிசி வாளிக்குப் பின்னால் எச்சம் இருந்தால் உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்க வேண்டாம்; தூசியாகப் பறக்கும். கையுறை அணிந்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தெடுங்கள். சுவரடி முழுவதையும் அவ்வாறே கழுவினால் வாடையும் குறையும். அரிசியை இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: தக்கலை வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. மறுமொழிகளைக் கணவருக்கும் மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன்; மருந்து வாங்கும் பேச்சு நின்றுவிட்டது. துளைக்கு வலை அடிக்க நாளையே கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறோம். அந்த நான்கு குட்டிகளும் இப்போது விறகு மூலைக்குள்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். இரவில் மெல்லிய சத்தம் கேட்கிறது. எலிக்கூண்டு வைத்துப் பிடித்துத் தோட்டத்தில் விடலாமா?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், நாகர்கோவில்

அம்மா, கொத்தனாரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். தாய் இரை தேட வெளியே போயிருக்கும்போது துளையை அடைத்தால் குட்டிகள் உள்ளே பட்டினியால் இறந்துபோகும். எலிக்கூண்டும் ஏற்றதன்று. இரவில் அகப்பட்ட மூஞ்சூறு, பசியும் பதற்றமும் சேர்ந்து, காலையில் பார்க்கும்போது இறந்துகிடப்பது மிகுதி.

சங்கிலியாக நடக்கும் பருவத்துக்கு வந்துவிட்ட குட்டிகள் இன்னும் இரண்டு வாரங்களுக்குள் தாமாக இரை தேடத் தொடங்கிவிடும். அதுவரை உணவுப் பண்டங்களை மூடி வையுங்கள், குழந்தையை அந்த மூலைக்கு விடாதீர்கள். அவசரமென்றால், ஒரு மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே விறகை மேலிருந்து ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் எடுத்துத் தோட்டத்து ஓரத்தில் அடுக்குங்கள். கூடு தெரிந்ததும் கைவைக்காமல் விலகிவிட்டால், இருட்டியபின் தாயே குட்டிகளைக் கோத்து அழைத்துச் சென்றுவிடும். பின்பு துளையின் வாயில் கோலப்பொடியை மெல்லியதாகத் தூவிவையுங்கள். இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து கால்தடம் எதுவும் விழவில்லையென்றால் வலையைப் பதிக்கலாம்.