கேள்வி: லிப்கர்ல் (நெட்டிலிருந்து ஃபைல் இறக்கும் லைப்ரரி) கால்பேக்குக்குள் (டேட்டா வரும்போது அது அழைக்கும் நம் ஃபங்ஷன்) எந்த ஊர் டேட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவசரம்

ஏலக்காட்டான்: குமுளியில் ஏலக்காய்க் கடைகளுக்கு விலை காட்டும் புரோகிராம். புற்றடி, போடி இரண்டு ஊர்களிலும் நடக்கும் ஏல விற்பனையின் விலை தனித்தனி ஃபைல், இரண்டையும் லிப்கர்லில் இறக்குகிறேன். போடி விலை புற்றடிக் கட்டத்தில் போய் உட்காருகிறது. நாளைக் காலைக்குள் வேண்டும்.

மறையூரான்: சி-யா, சி++-ஆ? ஈஸியா (ஒரு நேரத்தில் ஒரு டிரான்ஸ்ஃபர்), மல்டியா (பல டிரான்ஸ்ஃபர் ஒன்றாக)? கோட் எங்கே?

கம்பம்தம்பி: நெட்தான் அண்ணே காரணம். மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும், டேட்டா கலந்துவிடும்.

மறையூரான்: டேட்டாவைக் கொண்டுவரும் நெட் விதிமுறையான டிசிபி அப்படியெல்லாம் கலக்காது தம்பி.

பழையகர்ல்: டாக்குமென்ட்டைத் திறந்தே பார்ப்பதில்லை, நேராக இங்கே வந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரோடும் நம் பாயின்டர் ஒன்றைச் சேர்த்து வைக்க கர்ல்ஆப்ட்_பிரைவேட் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, படிக்கவும்.

மறையூரான்: அது கால்பேக்குக்குள் தானாக வராது ஐயா. கெட்இன்ஃபோ என்ற ஃபங்ஷனைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். எந்த டிரான்ஸ்ஃபர் முடிந்தது என்று பார்க்க அது சௌகரியம், இங்கே கேள்வி வேறு.

ஏலக்காட்டான்: சி++, மல்டி. வருகிற டேட்டாவை எல்லாம் ஒரே குளோபல் (புரோகிராம் முழுக்கப் பொதுவான) ஸ்ட்ரிங்கில் சேர்க்கிறேன். கால்பேக்காகக் கிளாஸ் ஃபங்ஷனைக் கொடுத்தால் கிராஷ்.

மறையூரான்: குளோபல்தான் வினை. மல்டியில் இரண்டு டிரான்ஸ்ஃபரும் மாறி மாறி ஓடும். ஊருக்கு ஒரு ஸ்ட்ரக்ட் (அந்த ஊர் விவரங்களின் தொகுப்பு) வைத்து, அதன் மெமரி முகவரியை அந்தந்த ஈஸி ஹேண்டிலின் (மல்டிக்குள் ஒரு டிரான்ஸ்ஃபருக்கு ஒன்று) கர்ல்ஆப்ட்_ரைட்டேட்டா ஆப்ஷனில் கொடுங்கள். கால்பேக்கின் நாலாவது பாராமீட்டராக அதுவே வாய்ட் பாயின்டராக (வகை குறிக்காத முகவரி) வந்து சேரும், உள்ளே ஸ்ட்ரக்ட் வகைக்குக் காஸ்ட் செய்துகொள்ளலாம். கிளாஸ் ஃபங்ஷன் என்றால் ஸ்டாட்டிக் ஆக்கி, ரைட்டேட்டாவில் திஸ் (அந்த ஆப்ஜெக்ட்டின் முகவரி) கொடுங்கள். அப்புறம், ஒரு ஃபைல் பல துண்டாக வரும், கடைசியில் முடிவைக் காட்டும் நல் கேரக்டர் இருக்காது. நீளம் பார்த்துச் சேர்த்துக்கொண்டே போங்கள். வந்த பைட் எத்தனையோ அந்த எண்ணிக்கையைக் கால்பேக் ரிட்டர்ன் செய்யாவிட்டால் எரர் 23 (எழுதுவதில் பிழை).

கம்பம்தம்பி: லாம்ப்டாவில் (பெயரில்லாத ஃபங்ஷன்) வெளியிலிருக்கும் ஸ்ட்ரக்ட்டைக் கேப்சர் செய்தால் இவ்வளவு சுற்ற வேண்டாமே?

மறையூரான்: கேப்சர் உள்ள லாம்ப்டா ஃபங்ஷன் பாயின்டராக மாறாது. லிப்கர்ல் சி லைப்ரரி, அதற்கு ஃபங்ஷன் பாயின்டர்தான் வேண்டும்.

பழையகர்ல்: பைத்தானில் பத்து வரி வேலை. போகட்டும், இரண்டு ஊர் விலையைப் பிரித்துக் காட்டி என்ன ஆகப்போகிறது? வாங்குகிற வியாபாரி எல்லாம் போடி ஆள்தான்.

கம்பம்தம்பி: ஏலத்தில் காய் போடுகிற விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். கிலோவுக்கு ஐம்பது ரூபாய் வித்தியாசம் என்றாலும் எங்கே கொண்டுபோவது என்று யோசிப்பார்.

பழையகர்ல்: சராசரி விலையைப் பார்க்க வேண்டும் தம்பி, உச்ச விலையை அல்ல.

கம்பம்தம்பி: நான் சராசரியைத்தான் சொன்னேன்!

ஏலக்காட்டான்: ரைட்டேட்டா கொடுத்தேன். இப்போது விலைக்குப் பதில் குப்பை எழுத்தாக வருகிறது.

மறையூரான்: ஸ்ட்ரக்ட் ஏதாவது ஃபங்ஷனுக்குள் லோக்கலாக (அந்த ஃபங்ஷன் முடிந்ததும் அழிவதாக) இருக்கிறதா? லிப்கர்ல் அதைக் காப்பி எடுக்காது, முகவரியை மட்டும் வைத்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபர் முடியும்வரை அது உயிரோடு இருக்க வேண்டும்.

ஏலக்காட்டான்: லோக்கல்தான். நியூ போட்டு நானே டிலீட் செய்யும்வரை இருக்கும்படி வைத்தேன், சரியாகிவிட்டது. நன்றி அண்ணே.

மறையூரான்: அதை டிலீட் எங்கே செய்கிறீர்கள்? செய்யாவிட்டால் மெமரி வீணாகிக்கொண்டே போகும்.

மறையூரான்: ஆள் போய்விட்டாரா?